எம்.எஸ் நோயும் எதிர்ப்பு மண்டலமும்: கேளுங்கள், சொல்கிறேன்

நேற்று மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்) பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், இன்று பார்த்தால் கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. இம்யூனாலஜி ஆய்வகத்தில் எலிகளோடும், எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களோடும் பல வருடம் மல்லுக்கட்டியவள், அவ்வளவுதான். எதை எடுக்கலாம், எதை நிறுத்தலாம் என்பதை உங்கள் நியூராலஜிஸ்டிடம் கேளுங்கள். எடுத்தது உள்ளே போய் என்ன செய்கிறது என்று என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, எனக்குப் போன மாதம்தான் எம்.எஸ் என்று உறுதியானது. எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் வந்தது என்று அம்மா அதைக் கூட்டுவதற்கு ஏதேதோ வாங்கி வைத்திருக்கிறார். சாப்பிடலாமா?

பதில்: அம்மாவின் தவிப்பு புரிகிறது தம்பி, ஆனால் விஷயம் நேர் எதிர். இங்கே எதிர்ப்பு சக்தி குறையவில்லை, ஆள் தெரியாமல் அடிக்கிறது. மூளை, முதுகுத் தண்டு, கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பு இழைகளை மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியிருக்கும், அதை நம் சொந்த செல்களே போய் உரிக்கின்றன. கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது, சங்கடமான பதில். 1980களில் இன்டர்ஃபெரான் காமா என்ற, எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பும் புரதத்தை 18 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 7 பேருக்கு மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே நோய் கிளம்பிவிட்டது. அதோடு அந்த வழியை மூடிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்டர்ஃபெரான் பீட்டாதான் 1993-ல் அமெரிக்காவில் எம்.எஸ்ஸின் போக்கை மாற்றும் முதல் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பெயர் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அம்மா வாங்கியதை டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

கேள்வி: எப்ஸ்டீன்-பார் வைரஸ்தான் காரணம் என்கிறார்கள். பெரியவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது இருக்குமாமே? எல்லோருக்கும் இருப்பதைப் போய்க் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பதில்: இதைத்தான் நாங்களும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் இருந்தால், இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதற்கு ராட்சத எண்ணிக்கையில் ஆட்கள் வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் அது கிடைத்தது. சேர்ந்தவர்களிடம் அவ்வப்போது ரத்தம் எடுத்துச் சேமித்து வைத்திருந்தார்கள், 20 வருடத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்கள். ஹார்வர்டில் ஆல்பெர்டோ அஷேரியோ குழு அதைத் தோண்டி, எம்.எஸ் வந்த 801 பேரின் பழைய ரத்தத்தைப் பார்த்தது. முதல் மாதிரியில் 35 பேருக்கு வைரஸ் இல்லை. அவர்களில் 34 பேருக்கு, எம்.எஸ் வருவதற்கு முன்னால் வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு. 2022 ஜனவரியில் வெளியான ஆய்வு அது.

எனக்கு அந்த 32-ஐ விட உறைத்தது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று, சைட்டோமெகலோ என்று இன்னொரு வைரஸ், அதுவும் பரவலானதுதான், அதற்கு இப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை, ஆக "அடிக்கடி தொற்று வருகிறவர்களுக்கு எம்.எஸ் வரும்" என்ற சாக்கு எடுபடாது. இரண்டு, நரம்பு சேதமானால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதம், நியூரோஃபிலமென்ட், எப்ஸ்டீன்-பார் தொற்றிய பிறகுதான் ஏறியது. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசை அதில் தெரிகிறது.

எப்படிச் செய்கிறது என்பதில்தான் இழுபறி. வைரஸின் எப்னா1 என்ற புரதத்தில் ஒரு துண்டு, மூளையில் இருக்கும் க்ளியல்காம் என்ற புரதத்தின் ஒரு துண்டைப் போலவே இருக்கிறது, ஒன்றுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி (கிருமியில் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம்) இன்னொன்றிலும் போய் ஒட்டுகிறது என்று அதே 2022-ல் ஸ்டான்ஃபோர்ட் குழு காட்டியது. அழகான வேலை. ஆனால் அந்த ஆன்டிபாடி கிட்டத்தட்ட நாலில் ஒரு நோயாளியிடம்தான் கூடுதலாக இருக்கிறது, மீதி மூன்று பேருக்கு வேறு வழி இருக்க வேண்டும். என் கணக்கில் இந்த வைரஸ் இல்லாமல் எம்.எஸ் அநேகமாக வராது, அது மட்டும் இருந்தாலும் வராது.

கேள்வி: மேடம், எனக்கு இருக்கிறது. என் மகளுக்கும் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு, மூன்று. ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களிலேயே ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வருவது நாலில் ஒரு பங்குதான். எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ மரபணுக்களில் ஒரு வகை ஆபத்தை மூன்று மடங்காக்கும் என்றாலும், அது இருந்தும் நிம்மதியாக வாழ்கிறவர்கள்தான் அதிகம். இதற்காக அவளுக்கு மரபணுப் பரிசோதனை எடுத்து நீங்கள் தூக்கம் கெடுக்க வேண்டாம். யாரும் அவள் முன்னால் சிகரெட் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் பலன் உண்டு.

கேள்வி: மாணவன் நான். பாடத்தில் எம்.எஸ் ஒரு டி செல் நோய் என்று படித்தேன். ஆனால் ஆக்ரலிசுமாப் என்ற எம்.எஸ் மருந்து பி செல்களை அல்லவா அழிக்கிறது?

பதில்: நல்ல மாணவன்! பாடத்தில் அப்படி இருப்பதற்கு எலிகள்தான் காரணம். மயலின் புரதத்தை ஊசியில் ஏற்றி எம்.எஸ் மாதிரி ஒரு நோயை எலிக்கு வரவழைப்போம். அந்த எலியின் டி செல்லை எடுத்து இன்னொரு எலிக்குக் கொடுத்தால் அதற்கும் வரும். அதையே பார்த்துப் பார்த்து நாங்கள் டி செல்லோடு நின்றுவிட்டோம். பி செல் என்றால் ஆன்டிபாடி செய்யும் தொழிற்சாலை, அதற்கு மேல் என்ன என்ற அலட்சியம் வேறு. நானும் அந்தக் கட்சிதான், மறைப்பானேன்.

2008-ல், ஆக்ரலிசுமாப் போலவே பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தின் சோதனை முடிவு வந்தது. 104 பேர். மூளையில் புதிதாகக் கிளம்பும் புண்கள் 91 சதவீதம் குறைந்தன, அதுவும் சில வாரங்களில். ஆன்டிபாடிதான் குற்றவாளி என்றால் இவ்வளவு சீக்கிரம் குறையவே கூடாது, ஏனென்றால் ஆன்டிபாடியைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களின் மேல் இந்த மருந்து தேடிப் பிடிக்கும் சிடி20 என்ற அடையாளமே கிடையாது, அதனால் அது அவற்றைத் தொடுவதில்லை. முதுகுத் தண்டு நீரில் தெரியும் ஆன்டிபாடிப் பட்டைகளும் சிகிச்சைக்குப் பிறகு அநேகமாக அப்படியே இருக்கும். அப்படியானால் பி செல் வேறு ஏதோ செய்கிறது: டி செல்லிடம் "இதோ எதிரி" என்று காட்டிக்கொடுக்கிறது, அதை உசுப்பும் சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கிறது. இன்னொரு விஷயம், எப்ஸ்டீன்-பார் குடியிருப்பதும் பி செல்லுக்குள்தான். மேலே சொன்னதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் நட்டலிசுமாப் எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜேசி வைரஸ் டெஸ்ட் எதற்கு?

பதில்: அந்த மருந்து, செல்கள் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் கதவைச் சாத்துகிறது. தாக்கப் போகிறவன் நுழைய முடியாது, சரி, காவல்காரனும் நுழைய முடியாது. பலருடைய உடம்பில் சும்மா தூங்கும் ஜேசி வைரஸ், காவல் இல்லாத மூளையில் எழுந்தால் பி.எம்.எல் என்ற ஆபத்தான தொற்று. 2004-ல் அங்கீகாரம் பெற்ற மருந்தை இதனால்தான் 2005 பிப்ரவரியில் திரும்பப் பெற்று, கண்காணிப்பு விதிகளோடு 2006-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். டெஸ்டைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: ஐந்து வருடமாக ரிலாப்ஸ் (நோய் திடீரென்று மறுபடி கிளம்புவது) இல்லை, எம்.ஆர்.ஐயில் புதுப் புண் இல்லை. ஆனால் கால் மட்டும் வருடத்துக்கு வருடம் பின்னிக்கொண்டு வருகிறது. ரிப்போர்ட்டைப் பார்த்தால் நன்றாக இருக்கிறீர்கள் என்கிறார்கள். பைத்தியம் பிடிக்கிறது.

பதில்: நீங்கள் சொல்வது உண்மை, உங்கள் கால் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் படையெடுப்புதான் ரிலாப்ஸ். இப்போது இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை அதைத்தான் தடுக்கின்றன. ஆனால் ஏற்கெனவே உள்ளே குடியேறிய செல்களும், மூளையின் சொந்தக் காவலர்களான மைக்ரோக்ளியாவும், சாம்பலுக்கு அடியில் நெருப்பு மாதிரி பழைய புண்களின் ஓரத்தில் கனன்றுகொண்டே இருக்கும். வழக்கமான எம்.ஆர்.ஐ அதைப் பிடிக்காது, ஆன்டிபாடி மருந்துகளும் பெரிய மூலக்கூறுகள், மூளைக்குள் மிகக் கொஞ்சம்தான் போகும்.

இதில் 2024-ல் ஒரு முடிவு வந்தது. டோலெப்ருட்டினிப் என்ற மாத்திரை, பி செல்களும் மைக்ரோக்ளியாவும் இயங்கப் பயன்படும் பி.டி.கே என்சைமைத் தடுப்பது, மூளைக்குள் நுழையக்கூடியது. உங்களைப் போல ரிலாப்ஸ் இல்லாமல் மோசமாகிக்கொண்டு போகிறவர்களிடம், இயலாமை கூடும் ஆபத்தை 31 சதவீதம் குறைத்தது. ஆனால் ரிலாப்ஸ் வரும் நோயாளிகளில் ரிலாப்ஸைக் குறைப்பதில் பழைய மாத்திரையான டெரிஃப்ளூனமைடை அது வெல்லவில்லை. என்னைக் கேட்டால் இந்தத் தோல்விதான் அந்த 31-ஐவிடப் பெரிய பாடம்: ரிலாப்ஸும் இந்த மெல்லிய சரிவும் வேறு வேறு இயந்திரங்கள். கல்லீரலை அது கடுமையாகப் பாதித்த சம்பவங்களும் உண்டு, எனவே அவசரப்பட வேண்டாம். அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட்டை மட்டும் பார்க்க விடாதீர்கள், 25 அடி நடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டெம் செல் போட்டால் முழுக்கக் குணமாகும் என்று விளம்பரம் பார்த்தேன்.

பதில்: ஒரே பெயரில் இரண்டு சரக்கு. உண்மையான சிகிச்சையில் உங்கள் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, கீமோ கொடுத்து எதிர்ப்பு மண்டலத்தைத் துடைத்து, பிறகு அதைத் திருப்பிக் கொடுத்து மண்டலத்தை மறுபடி வளர விடுவார்கள். 2019-ல் வெளியான 110 பேர் சோதனையில், இதைச் செய்தவர்களில் 3 பேருக்கும் மருந்து எடுத்தவர்களில் 34 பேருக்கும் நோய் முற்றியது, ஆனால் ஒப்பிட்ட மருந்துகளில் இன்றைய வலுவானவை பெரும்பாலும் இல்லை. பலன் முக்கியமாக, ரிலாப்ஸ் வந்துகொண்டிருக்கும் இளையவர்களுக்கு. கீமோவே இல்லாமல் ஒரு ஊசி, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று விளம்பரத்தில் இருந்தால் அது இது இல்லை. பணத்தைக் கட்டாதீர்கள்.