முகத்தைப் பார்த்துச் செய்யும் வேலை

அன்புள்ள ஐயா,

சேலம் அழகாபுரத்தில் இருக்கிறேன். வயது 27. எனக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலைகொள்ளாமல் அலைபாயும் பார்டர்லைன் பர்சனாலிட்டி, இருப்பதாக இரண்டு ஆண்டுகளுக்கு முன் மருத்துவர் சொன்னார். விளம்பர வடிவமைப்பு படித்து, இதுவரை ஆறு வேலைகளை விட்டிருக்கிறேன். சேர்ந்த புதிதில் மேலாளர் தெய்வமாகத் தெரிவார். சில மாதங்களில் அவரைப்போலக் கொடியவர் இல்லை என்று தோன்றிவிடும். கடைசி வேலையில், நான் மூன்று நாள் உழைத்து அனுப்பியதற்கு ‘சரி’ என்று மட்டும் பதில் வந்தது. அன்றிரவே ராஜினாமா அனுப்பினேன். இப்போது ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பெங்களூரிலிருந்து ஒரு வடிவமைப்பு நிறுவனமும் அழைக்கிறது. என்னைப் போன்றவளுக்கு மனநிறைவான வேலை என்று ஒன்று உண்டா? எங்கே போவது? நோயைப் பற்றி அங்கே சொல்ல வேண்டுமா? கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. ஆழமாக உணர்வதுதான் என் கலைக்கு மூலதனம் என்பதால் சிகிச்சையை நான்கு அமர்வுகளோடு நிறுத்திவிட்டேன்.

கே.

அன்புள்ள கே.,

வருகிற எல்லாக் கடிதங்களுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. ஒருவர் தான் செய்த வேலை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை எங்கிருந்து தெரிந்துகொள்கிறார் என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் ‘சரி’ வந்து சேர்ந்தது.

அம்மா சொல்லும் கல்யாண வைத்தியத்துக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. இந்த நோய் மிக அதிகமாக வலிப்பதே நெருங்கிய உறவுகளில்தான் என்று உங்கள் மருத்துவரையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஆனால் சிகிச்சையை நிறுத்தியதைக் கலையின் பெயரால் நியாயப்படுத்துகிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ராஜினாமா எழுதிய அந்த இரவில் நீங்கள் எத்தனை ஓவியம் வரைந்தீர்கள்? இந்நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மாத்திரைகள் தருகிறார்கள். முதன்மையான சிகிச்சை, உட்கார்ந்து பேசிப் பழகிக் கற்றுக்கொள்வது. டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்னும் பேச்சுச் சிகிச்சை முறை வழக்கமாக ஓராண்டு நடக்கும். நான்கு அமர்வில் உங்கள் பெயரையும் வரலாற்றையும் எழுதி முடித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்த முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன் 1961இல், தன் 17ஆம் வயதில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே கிடந்தவர். இதை அவர் ஊரறியச் சொன்னது 2011இல். அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வெளியே வந்தபின் அவர் சிகாகோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே இரவு வகுப்பில் படித்ததுதான் என்னை நின்று யோசிக்க வைத்த செய்தி. அந்த எழுத்தர் வேலையில் அவருக்கு மனநிறைவு இருந்ததா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் மக்லீன் மனநல மருத்துவமனையில் ஆய்வாளர் மேரி ஸனாரினி குழுவினர் இந்நோயுள்ள 290 பேரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டுகளுக்குள் 93 விழுக்காட்டினருக்கு நோய்க்குறிகள் தணிந்து, குறைந்தது இரண்டாண்டுகள் அப்படியே இருந்தன. இதைப் படித்து நீங்கள் மகிழலாம். ஆனால் குறிகள் தணிந்ததோடு நல்ல உறவும் நிலையான வேலையும் சேர்ந்து அமைந்தவர்கள் பாதிப்பேர்தான். மீதிப்பேர் பெரும்பாலும் இடறியது வேலையில். ஆகவே உங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

எங்கள் பெரியப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். காலையில் ஆளாளுக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார். மாலையில் செய்த சரக்கையும் மிச்சத்தையும் தூளையும் நிறுத்து வாங்குவார். சேதாரம் போக எடை சரியாக இருந்தால் கூலி. அங்கே வெள்ளித் துண்டுகளை ஒன்றோடொன்று பற்ற வைக்கிற வேலையில் ஓர் அக்கா இருந்தார். அவருக்கு எந்த நோயின் பெயரையும் நான் வைக்கமாட்டேன். ஆனால் காலையில் உயிர்த்தோழியாக இருந்தவளிடம் மத்தியானம் பேச மாட்டார், திடீரென்று அழுவார், பட்டறையை விட்டே போகிறேன் என்பார். பெரியப்பாவும் சாந்த சொரூபி அல்லர். கடன்காரன் வந்துபோன நாளில் யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். அப்படியிருந்தும் அந்த அக்கா பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். மாலையானால் மடியில் விரித்திருந்த துணியை உதறி, அதில் ஒட்டியிருந்த வெள்ளித் தூளை விரல் நுனியால் ஒற்றி எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரியப்பாவின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வேலை சரியாக வந்திருக்கிறதா என்பதை நீங்கள் மேலாளரின் முகத்தில் தேடுகிறீர்கள். அவர் புன்னகைத்தால் நீங்கள் மேதை. ‘சரி’ என்று சுருக்கமாக எழுதினால் நீங்கள் குப்பை, அல்லது அவர் அயோக்கியர். அந்த மனிதர் பேருந்தில் நின்றுகொண்டே ஒரு கையால் அதைத் தட்டியிருக்கலாம் என்று உங்கள் அறிவுக்குத் தெரியும், ஆனால் அந்த இரவில் அந்த அறிவு துணைக்கு வராது என்பதுதான் இந்நோயின் தன்மை. அதனால் துணைக்கு வரக்கூடியதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒரு சுவரொட்டியைத் தொடங்கும் முன், கேட்டவர் என்னென்ன கேட்டார் என்று ஒரு தாளில் எழுதி அவரிடமே ஒப்புதல் வாங்குங்கள். முடித்ததும் அந்தத் தாளோடு ஒப்பிட்டு அனுப்புங்கள். ‘சரி’ வந்தால் மறுபடி அந்தத் தாளைப் பாருங்கள். ராஜினாமா எழுதத் தோன்றினால் எழுதுங்கள், ஆனால் சிகிச்சையாளர் படிக்காமல் அனுப்பாதீர்கள். அன்றிரவு தாங்க முடியாமல் போனால் 14416க்கு அழையுங்கள். அது அரசின் டெலி-மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

நோயைச் சொல்வதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். பெயரைச் சொல்லக் கடமையில்லை. தேவையானதைக் கேட்டால் போதும்.

எஸ்டேட்டா பெங்களூரா என்று கேட்டிருந்தீர்கள். மலைக்காற்று மனதை ஆற்றும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் மூன்று நாள் மூடுபனிக்குள் தனியாக இருந்து பாருங்கள், தெரியும். இருந்தாலும் நான் ஏற்காட்டுப் பக்கம்தான் சாய்கிறேன். பழம் பறிக்கும் மாதங்களில் மாலைதோறும் மூட்டைகளை நிறுத்து, ஆளுக்கு இத்தனை கிலோ என்று ரைட்டர் எழுதுவார். அந்த எண்கள் கூட்டினால் ஒத்துவரும் அல்லது வராது, அதில் முதலாளியின் மனநிலைக்கு இடமில்லை. வடிவமைப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், வெளியாருக்கும் செய்யுங்கள், வாடகை மட்டும் அதை நம்பி இருக்க வேண்டாம், இப்போதைக்கு.

சேருமுன் இரண்டைக் கேளுங்கள். கணக்கைச் சரிபார்ப்பவர் யார், மாதத்துக்கு எத்தனை முறை என்பது ஒன்று. வாரத்தில் ஒரு வேலைநாள் மதியம் சிகிச்சைக்காகச் சேலம் இறங்கிவர விடுப்பு உண்டா என்பது மற்றொன்று. அதற்கு ஈடாக ஞாயிறு காலை வேலை செய்வதாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதற்கு மறுத்தால் அந்த வேலையை எடுக்க வேண்டாம். பெங்களூர்க்காரர்களிடமும் இதையேதான் கேட்க வேண்டும்.