தோட்டத்தை அடகு வைக்காதீர்கள் அம்மா

ஒட்டன்சத்திரத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். மகளுக்கு இரண்டாவது முறையும் நீட் கைகூடவில்லை. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடச் சொல்லி உங்கள் அண்ணன் நெருக்குகிறார். தோட்டத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள்.

அங்கே குறைந்தது 54 மாதம் படிப்பு, 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்எம்ஜிஇ தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுக்க வேண்டும். பிறகு இங்கேயும் ஒரு வருடப் பயிற்சி. அத்தனை நாளும் வட்டி ஓடும். தேர்வில் தேறாவிட்டால் அந்தப் பட்டத்தோடு இங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அண்ணன் இல்லை, நீங்கள்.

கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்து எம்ஆர்ஐ எடுத்த நாளிலிருந்து அந்த மெஷினைப் பற்றியே பேசுகிறாள் என்று குறைபட்டிருக்கிறீர்கள். எனக்கு வழி தெரிந்ததே அந்த வரியில்தான். பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, அதாவது எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படம் எடுக்கும் படிப்பு: பயிற்சியோடு சேர்த்து நான்கு வருடம், பிளஸ் டூ மதிப்பெண்ணில் கவுன்சலிங். நர்சிங், பிசியோதெரபி பற்றிச் சொல்ல ஊரில் ஆள் உண்டு, அதை விடுகிறேன்.

பட்டனைத் தட்டுகிற வேலைதானே என்பார்கள். இல்லை. முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் கட்டிப் பிடிக்கும் ஏசிஎல் ஜவ்வு சாய்வாக ஓடுகிறது. படம் வெட்டும் கோணம் அந்தச் சாய்வோடு பொருந்தாவிட்டால், ஜவ்வு பல துண்டுப் படங்களில் சிதறி, முழுசாக இருப்பதே அறுந்ததுபோலத் தெரியும். அதனால் பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, முட்டியைச் சுற்றி மாட்டி சிக்னலை வாங்கும் காயிலுக்குள் முட்டி அசையாமல் பஞ்சுத் திண்டு வைத்து, 3 மில்லிமீட்டர் கனத் துண்டுகளாக எடுப்பார்கள். வலியில் ஆட்டக்காரர் கொஞ்சம் அசைந்தாலும் படம் கலங்கிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. தசைநாண் காந்தப்புலத்துக்குச் சுமார் 55 டிகிரியில் கிடந்தால், எக்கோ டைம் (சிக்னலை வாங்குமுன் மெஷின் காத்திருக்கும் நேரம்) குறைவான படத்தில் நல்ல நாணே காயம்பட்டதுபோல வெளுத்துக் காட்டும். எக்கோ டைமைக் கூட்டி எடுத்தால் அந்தப் பொய் வெளுப்பு மறையும். கால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்த ஓட்டக்காரருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். எம்ஆர்ஐயில் எலும்பு மஜ்ஜையின் நீர்கோப்பு முன்பே தெரிந்துவிடும். 17 வயதுக்குட்பட்ட ஆண்கள் கால்பந்தில் வயதைச் சோதிக்க 2009 முதல் ஃபிஃபா மணிக்கட்டு எம்ஆர்ஐயைத்தான் பார்க்கிறது. அதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. மைதானத்தில் ஓடி விழுந்த பெண்ணுக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபடும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டர். அல்ட்ராசவுண்டும் சட்டப்படி டாக்டர் கைக்குத்தான். விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி சென்டர் எல்லா ஊரிலும் இல்லை. முதல் சில வருடம் தலை, வயிறு, நெஞ்சு எல்லாம் எடுத்துத்தான் கை பழகும்.

அரசுக் கல்லூரியை முதலில் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934 முதல் இயங்குகிறது. தனியார் என்றால், சொந்த எம்ஆர்ஐ இருக்கிறதா, மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷினை இயக்கும் கன்சோலில் உட்காருகிறார்கள், எக்ஸ்ரே அறையில் உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் தருகிறார்களா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.