நாட்டுக்காகவும் குடும்பத்துக்காகவும் ஒருசேர வாழ்ந்த ராணுவ வீரர் என்றால் உங்கள் நினைவுக்கு வருபவர் யார்?

ஹவில்தார் பழனி. ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை பக்கம் கடுக்கலூர்க்காரர். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் கொடுத்த 20 பேரில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 40. அதில் 22 வருடம் ராணுவத்தில் கழிந்தது.

அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எனக்கும் அதே மாவட்டம். என் அப்பாவும் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் பழனியைப் பற்றிப் பேப்பரில் வந்ததை எல்லாம் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் படிப்பது போலத்தான் எங்கள் வீட்டில் படித்தோம்.

கல்வானில் நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வருடம் மே மாதத்திலிருந்தே கிழக்கு லடாக்கில் சீனப் படையோடு இழுபறி. ஜூன் 6-ஆம் தேதி இரு தரப்புத் தளபதிகளும் பேசி, பின்வாங்குவது என்று முடிவானது. அது ஒழுங்காக நடக்கவில்லை. 15-ஆம் தேதி இரவு கைகலப்பாகி, அங்கே நம் வீரர்களுக்குத் தலைமை தாங்கிய கர்னல் சந்தோஷ் பாபுவும் பழனி உட்பட மற்ற 19 பேரும் உயிரிழந்தார்கள். பழனி 81-ஆவது பீல்டு ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர், அதாவது பீரங்கிப் படைக்காரர். 1996-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இந்திய-சீன எல்லையாக இருக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இரண்டு பக்கமும் சுடக் கூடாது. வாழ்நாள் முழுக்கப் பீரங்கியோடு பழகிய ஒருவர், சுமார் 14,000 அடி உயரத்தில், உறைய வைக்கும் குளிரில், கல்லையும் கம்பியையும் ஆணி அடித்த தடியையும் எதிர்த்து நின்றிருக்கிறார். சுற்றி வளைத்துத் தாக்கியபோது இடத்தை விட்டு நகராமல், கூட இருந்தவர்களைக் காக்கப் போராடினார். பலத்த காயம் பட்ட பிறகும் நின்றார். அதற்காகத்தான் அவருக்கு வீர் சக்ரா விருது கொடுத்தார்கள்.

அந்த ஒரு இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய 22 வருடத்தைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

18 வயதில் சேர்ந்தவர். அவர் காலத்து விதிப்படி ஒரு ஜவானுக்கு 15 வருட சேவை முடிந்தாலே பென்ஷன் உண்டு. 33, 34 வயதில் ஊருக்கு வந்து, கேன்டீன் கார்டும் பென்ஷனும் கையில் இருக்க, ஒரு செக்யூரிட்டி வேலையோ கடையோ பார்த்துக்கொண்டு பிள்ளைகளோடு இருந்துவிடலாம். அப்படி வருபவர்களைக் குறை சொல்லவே முடியாது, அது அவர்கள் உழைத்துப் பெற்ற உரிமை. பழனி அதற்கு மேலும் ஏழு வருடம் தொடர்ந்தார். சிப்பாயாகச் சேர்ந்தவர் நாயக் ஆகி ஹவில்தார் ஆவது சும்மா நடக்காது. கேடர் கோர்ஸ் என்ற பதவி உயர்வுப் பயிற்சிக்குப் போக வேண்டும், பாஸ் பண்ண வேண்டும், பத்துப் பேரைக் கட்டி மேய்க்கத் தெரிய வேண்டும். புதிதாக வரும் இருபது வயதுப் பையன்களுக்கு யூனிட்டில் அப்பா மாதிரி இருப்பது ஹவில்தார்தான். கல்வானில் அவர் கூட இருந்தவர்களைக் காக்க நின்றார் என்று படித்தபோது என் அப்பா, “ஹவில்தார் வேற என்ன செய்வான்?” என்று மட்டும் சொன்னார்.

வீட்டுப் பக்கம் இந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பீல்டு போஸ்டிங், அதாவது எல்லைப் பக்கம் வேலை என்றால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. பதற்றம் இல்லாத ஊரில் இருக்கும் பீஸ் ஸ்டேஷன் வந்தால்தான் குவார்ட்டர்ஸ், அதுவும் வரிசைப்படி. வருட லீவு 60 நாள். ஜம்முவிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸில் சென்னை, அப்புறம் சேது எக்ஸ்பிரஸ் பிடித்து ராமநாதபுரம் என்று, பயணமே நாள் கணக்கில் போய்விடும். வந்து சேர்ந்தால் முதல் வாரம் முழுக்கச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, பத்திர ஆபீஸ், பேங்க். பிள்ளைகள் ஒட்டிப் பழகும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டும். இடையில் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது மனைவிதான். பள்ளிக்கூடக் கையெழுத்திலிருந்து கிணற்று மோட்டார் ரிப்பேர் வரைக்கும். என் அம்மாவைப் பார்த்து வளர்ந்ததால் சொல்கிறேன், ராணுவக்காரர் வீட்டில் இரண்டு பேர் சேவை செய்கிறார்கள், சம்பளப் பட்டியலில் ஒருவர் பெயர்தான் இருக்கும்.

பழனி குடும்பத்துக்காக ஒரு வீடு கட்டினார். அவர் இறப்பதற்குச் சில நாள் முன்புதான் அந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்தது. எல்லையில் பதற்றம், நாடு முழுக்க கொரோனா ஊரடங்கு, அவரால் வர முடியவில்லை. அவர் இல்லாமலேதான் பால் காய்ச்சினார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்காரர்கள் கட்டிய வீடுகள் எத்தனையோ உண்டு. பெரும்பாலும் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு கட்டமாகத்தான் அவை எழும்பும், ஒரு வருடம் அஸ்திவாரம், அடுத்த லீவில் சுவர், அதற்கும் அடுத்தது தளம். சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய வீட்டில் ஒரு நாள்கூட வசிக்காமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது, அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

இன்னொரு விஷயம். அவருடைய தம்பியும் ராணுவத்தில்தான் இருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளை அனுப்பிய அந்தப் பெற்றோரைப் பற்றியும் நாம் பேச வேண்டும். வெளியூர்க்காரர்கள் சிலர், வறண்ட மாவட்டம், வேறு வேலை இல்லை, அதனால் பட்டாளத்துக்குப் போகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். வறட்சி உண்மை, வேலை இல்லாததும் உண்மை. ஆனால் வேலைக்காக மட்டும் சேர்ந்த ஒருவருக்குப் பென்ஷன் உறுதியான பிறகும் மலை ஏற என்ன கட்டாயம்? அதனால் இந்தப் பேச்சை நான் ஏற்பதே இல்லை.

அவர் உடல் மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. ராணுவ மரியாதையோடு வழியனுப்பினார்கள். தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் நிதியும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது. 2021 நவம்பரில் டெல்லியில் குடியரசுத் தலைவர் கையிலிருந்து அவர் மனைவி வீர் சக்ராவைப் பெற்றுக்கொண்டார். அதை டிவியில் பார்த்தபோது அப்பா எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம்.

டெல்லிக்குச் சுற்றுலா போகும் நம் ஊர்க்காரர்கள் இந்தியா கேட் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதன் பக்கத்திலேயே 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. உள்ளே தியாக சக்கரம் என்ற வட்டச் சுவர்களில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கல்வானில் இறந்த 20 பேரும் அதில் உண்டு. அடுத்த முறை போனால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பழனியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களையே தேடச் சொல்லுங்கள்.