'பியூர் வுல்' ஸ்வெட்டரில் வியர்வை வாடை: பின்னிய கைமேல் பழி போடாதீர்கள்

கேள்வி: ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 64. தினமும் காலை ஆறரைக்கு ஏரிவரை நடந்துவிட்டு வருவேன். மத்தியானம் ஸ்வெட்டர் பின்னுவேன். போன கார்த்திகையில் 'பியூர் வுல்' என்று சொல்லி விற்ற நூல் சிட்டங்களை வாங்கி எனக்கே ஒரு முழுக்கை ஸ்வெட்டர் போட்டேன். உறைபனி இருந்தவரை தெரியவில்லை. மாசி பிறந்ததிலிருந்து புறப்படும்போது குளிர்கிறது, பாதி வழியில் வியர்த்துக் கொட்டுகிறது, திரும்பும்போது முதுகு சில்லிட்டுப் போகிறது. துவைத்தாலும் அக்குள் வாடை போவதில்லை. மேலெல்லாம் உருண்டை உருண்டையாகப் பஞ்சு. நான் பின்னியதில் கோளாறா? இளவேனிலுக்கு எந்த நூலில் என்ன பின்னலாம்? இந்த ஸ்வெட்டரை எப்படி எடுத்துவைப்பது?

பதில்: உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை, டீச்சர். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது கம்பளியே அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை நூல். நூலைக் கையில் தொட்டுப் பார்க்காமல் இவ்வளவு உறுதியாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்க வழி சொல்கிறேன்.

ஆட்டு ரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். தொட்டால் நனைந்த மாதிரியே இருக்காது. அக்ரிலிக் வாங்குவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. நடக்கும்போது உடம்பிலிருந்து எழும் ஆவி போக்கிடம் இல்லாமல் உள்சட்டையிலேயே தங்குகிறது. ஏரிக்கரையில் காற்று பட்டதும் முதுகு சில்லிடுவது அதனால்தான். உடம்பின் எண்ணெய்ப் பசை செயற்கை இழையில் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. வாடை அதிலிருந்து வருகிறது. பஞ்சு உருண்டை நல்ல கம்பளியிலும் எழும், ஆனால் கம்பளி இழை வலுக் குறைந்தது, உருண்டை சில நாளில் தானாக அறுந்து உதிர்ந்துவிடும். அக்ரிலிக் இழை அறுவதில்லை, ஆகவே உருண்டையும் போவதில்லை.

இனி உங்களுக்கு விற்றவர் விஷயம். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரில் ஊசியில் போட்டுப் பின்னுகிற எல்லாவற்றுக்கும் 'உல்லன்' என்றே பெயர் வைத்துவிட்டோம். 'பேபி வுல்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அவர் பொய் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தைச் சொல்கிறார், அவ்வளவுதான். 'காஷ்மிலான்' என்று இன்னொன்று. பெயரைக் கேட்டதும் காஷ்மீரும் வெள்ளாட்டு ரோமமும் நினைவுக்கு வரும். அது ஜப்பானில் பிறந்த ஓர் அக்ரிலிக் இழையின் வணிகப் பெயர். காஷ்மீருக்கும் அதற்கும் தொடர்பு எழுத்துக்கூட்டில் மட்டும். இந்தப் பெயர்க் குழப்பத்தில் குளிர்காய்கிறவர்கள்தான் சிட்டத்தை எடை போட்டு விற்கும் இடைத்தரகர்கள். "மில் மூடிட்டாங்க, ஏலத்துல எடுத்த மால்", "எக்ஸ்போர்ட் ஆர்டர் கேன்சல் ஆன சரக்கு" என்று ஏதாவது ஒரு கதை கூடவே வரும். கதையோடு வருகிற நூலை வாங்காதீர்கள். மெரினோ என்பது மெல்லிய ரோமம் தரும் ஒரு செம்மறி இனம்; அதன் நல்ல நூல், அதே எடை அக்ரிலிக்கைப் போலப் பல மடங்கு விலை. பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறவர், உங்களுக்கு நன்மை செய்ய மலையேறி வந்தவர் அல்லர்.

எனக்கு ரத்தம் கொதிக்கிற புரட்டு ஒன்று உண்டு: "இது நம்ம நீலகிரி ஆட்டு ரோமம், மேடம்." நீலகிரிச் செம்மறி என்று ஓர் இனம் உண்டு, உண்மைதான். கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் 19ஆம் நூற்றாண்டில் கலந்து உருவானது; மெல்லிய ரோமம் தரும். ஆனால் அது அழியும் நிலைக்குப் போய், உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சாண்டிநல்லாவில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றப்படும் இனம். அந்த ஆடுகளின் மொத்த ரோமத்தையும் கத்தரித்தாலும் சீசன் நேரத்தில் சாலையோரம் ரோஜா நிறத்திலும் கிளிப்பச்சையிலும் தொங்குகிற சிட்டங்களுக்குக் காணாது.

வீட்டுச் சோதனைக்கு வருவோம். ஸ்வெட்டரை அறுக்க வேண்டாம். மிச்ச நூலில் இரண்டு அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி மேல் வைத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சுடரை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், எடுத்தபிறகும் எரியும், ஆறியதும் கறுப்பாக, கல் மாதிரி ஒரு மணி நிற்கும். சொட்டு கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை.

நெருப்பு வேண்டாம் என்றால், துணி வெளுக்கும் குளோரின் ப்ளீச் திரவத்தை ஒரு பழைய கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி நூலைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். கம்பளி கரைந்து காணாமல் போகும். காலையில் என்ன மிச்சம் இருக்கிறதோ அது கம்பளி அல்ல. ப்ளீச்சோடு கழிவறை ஆசிட்டோ வினிகரோ சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களைப் போலப் பல வருடம் பின்னியவர்கள்தான் இதில் சறுக்குகிறார்கள். நூலைச் சுடுநீரில் நனைத்து, சோப்புப் போட்டு, உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பது பழைய சோதனை. திரிந்து கெட்டிப்பட்டால் கம்பளி, படாவிட்டால் போலி. இது சாதாரணக் கம்பளிக்குச் சரி. இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் அது திரிகிறது. ஆனால் 'சூப்பர்வாஷ்' என்று ஒரு கம்பளி வருகிறது. குளோரின் கொடுத்துச் செதிலின் விளிம்பை மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு ஏற்றியிருப்பார்கள். எவ்வளவு தேய்த்தாலும் திரியாது. ஆகவே தேய்க்கிற சோதனை அதைப் போலி என்று சொல்லிவிடும். அது சுத்தமான கம்பளிதான். நெருப்பில் முடி நாற்றம் வரும், ப்ளீச்சில் கரையும். அதற்கு வேறு ஒரு குணம் உண்டு: நனைந்ததும் தொளதொளவென்று நீளும். அளவெடுத்துப் பின்னிய ஸ்வெட்டர் முதல் துவையலிலேயே முழங்காலைத் தொட்டதாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள், முக்கால்வாசி சூப்பர்வாஷ்தான். அதில் பின்னுவதானால் ஆறு அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, படுக்கையாகக் காயவைத்து, அதற்குப் பிறகு கண்ணிகளை எண்ணுங்கள். துவைக்காத துண்டில் எண்ணுவது வீண். காயும்போது ஒருபோதும் கொடியில் தொங்கவிடாதீர்கள். இன்னொன்று: நூலைச் சுற்றியுள்ள லேபிள் பட்டையில் 'மெஷின் வாஷ்' என்று மட்டும் போட்டிருந்தால் அது சூப்பர்வாஷ் என்று அர்த்தமில்லை. அக்ரிலிக்கையும் மெஷினில் போடலாமே!

பட்டை என்றதும் எரிச்சல் வருகிறது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். நல்ல விதி. சிட்டத்தைப் பொட்டலமே கட்டாமல் தராசில் போட்டு விற்கிறவருக்கு? பட்டையும் இல்லை, பில்லும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு வேண்டுமானால் பேசலாம். ரசீதே இல்லாத வாங்கலுக்கு யார் என்ன செய்துவிட முடியும்? பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துவிடலாம். வருஷக்கணக்கில் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற நூலில் என்ன இழை என்று அறிய, ஓய்வுபெற்ற ஆசிரியை மெழுகுவத்தி கொளுத்த வேண்டியிருக்கிறது. 1964இலிருந்து உலகம் முழுக்கப் புழங்கும் வுல்மார்க் சின்னம் சுத்தமான புதுக் கம்பளிக்கு உரியது. அதைப் போலவே ஸ்டிக்கர் அடிக்கவும் ஆள் இருப்பதால் சின்னத்தோடு நிற்காமல் '100% கம்பளி' என்ற வரி, கம்பெனி முகவரி இரண்டையும் பாருங்கள். 'வுல்' என்று பெரிதாகவும் 'அக்ரிலிக்' என்று எறும்பு எழுத்திலும் போட்டிருப்பது வாடிக்கை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி நடைக்கு. பங்குனியில் உங்கள் ஊரில் விடியற்காலை 10 டிகிரி அளவில் இருக்கும், முற்பகலுக்குள் 20ஐத் தொடும். இதற்கு முழுக்கை மூடு ஸ்வெட்டர் எந்த நூலானாலும் தோற்கும். கையில்லாத, முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் பின்னுங்கள், நாலு இழை மெரினோ நூலில். முதுகும் நெஞ்சும் கதகதப்பாக இருக்கும், அக்குளில் காற்று போகும், வியர்த்தால் பொத்தானைக் கழற்றிவிடலாம். 36, 38 அங்குல மார்பளவுக்கு 200 முதல் 250 கிராம் போதும். முழுக்கைக்கு ஆகும் செலவில் பாதிதான். ஒரே சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதற்கான 'லாட்' எண்) உள்ளதாகப் பார்த்து மொத்தமாக வாங்கிவிடுங்கள், இரண்டாம் தடவை போனால் அதே நிறம் கிடைக்காது. புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஏரிக்கு முன்பே வியர்த்துவிடும். உள்ளே போடும் பருத்திச் சட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வீடு வந்ததும் அதை மாற்றிவிட்டுக் காப்பி குடியுங்கள்.

பழைய ஸ்வெட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அக்ரிலிக் நன்றாகவே உழைக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெதுவெதுப்பான நீரில் திரவ டிடர்ஜெண்ட் கலந்து அரை மணி ஊறவைத்து, அக்குள் பகுதியை விரலால் கசக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். பஞ்சு உருண்டைகளை அதற்கான சீப்பால் வாரிவிடலாம், கையால் பிய்த்தால் இன்னும் கிளம்பும். இஸ்திரிப் பெட்டியையும் ஆவியையும் அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்ட அக்ரிலிக் துவண்டு போகும், இழுத்தால் பழையபடி சுருங்கும் குணம் திரும்ப வராது. டிரை கிளீனிங் கடைக்கு அனுப்பினால் ஆவி அடித்துப் பளபளவென்று மடித்துத் தந்து, நூறு இருநூறு வாங்கிக்கொண்டு, ஸ்வெட்டரைக் கொன்று அனுப்புவார்கள்.

அந்துருண்டை? அக்ரிலிக்குக்குத் தேவையே இல்லை, பூச்சி தின்ன அதில் ஒன்றும் கிடையாது. கம்பளிக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். அது நாஃப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்த அணுக்களை உடைத்துவிடும். பேரக் குழந்தை வந்து போகிற வீடானால் அலமாரியில் இருப்பதையும் எடுத்துவிடுங்கள். பூச்சி தேடுவது வியர்வையும் எண்ணெயும் படிந்த அழுக்குக் கம்பளியை. துவைத்து, நன்றாக உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் சுற்றி மூடினால் போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும்.

மற்றபடி ஊட்டியில் ஸ்வெட்டரை எடுத்துவைப்பதெல்லாம் சமவெளிக்காரர் பேச்சு. ஆனி மழைக்கு எப்படியும் மறுபடி எடுக்கப் போகிறீர்கள். கனத்ததை மட்டும் சித்திரை வெயிலில் காயவைத்து உள்ளே வையுங்கள்.

புது ஸ்வெட்டரின் விளிம்பு பார்டருக்கு 12ஆம் நம்பர் ஊசி, உடம்புக்கு 10. யூடியூபில் அமெரிக்கக்காரர் சொல்லும் 10 வேறு: நம் 10 என்பது 3.25 மில்லிமீட்டர், அவர்களுடையது 6 மில்லிமீட்டர். ஊசி வாங்கும்போது மில்லிமீட்டர் கணக்கில் கேளுங்கள். நூலுக்கு பில் தராத கடையில் ஊசிகூட வாங்க வேண்டாம்.