டென்ஷன் ஆனதால்தான் கரு தங்கவில்லையா?

கேள்வி: என் தங்கைக்கு இரண்டாவது ஐவிஎஃப்பும் தோல்வி. "எந்நேரமும் டென்ஷனாகவே இருந்தா எப்படித் தங்கும்?" என்று அவள் மாமியார் வீட்டிலும் சொல்கிறார்கள், எங்கள் வீட்டிலும் சொல்கிறார்கள். இப்போது அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். மன அழுத்தத்தால் ஐவிஎஃப் தோற்குமா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பதில்:

டென்ஷனால் கரு தங்காமல் போனது என்று சொல்ல நல்ல ஆதாரம் எதுவும் இல்லை. முதலில் இதை உங்கள் தங்கையிடம் சொல்லிவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

நான் ஒரு கருத்தரிப்பு சிகிச்சை மையத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, ஊசி, மருந்து விஷயமெல்லாம் அவளுடைய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பழக்கம். ரிசல்ட் நெகட்டிவ் என்று தெரிந்த பிறகு என் அறைக்கு வருகிறவர்கள், அடுத்த சைக்கிள் (அடுத்த சுற்று சிகிச்சை) எப்போது என்று கேட்கும் முன்பே இதைத்தான் கேட்கிறார்கள். "டிரான்ஸ்பர் (கருவைக் கருப்பைக்குள் வைப்பது) ஆன அன்னைக்கு ராத்திரி அழுதேன், அதனாலயா மேடம்?" "ஆபீஸ்ல சண்டை போட்டேன், அதனாலயா?" இருமியதையும் படியேறியதையும்கூடச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜாக்கி பாய்வின் குழுவினரின் தொகுப்பாய்வு ஒன்று வந்தது. 14 ஆய்வுகள், 3583 பெண்கள். இதில் எனக்குப் பிடித்தது, பெண்களின் பதற்றத்தையும் மனச்சோர்வையும் சிகிச்சை தொடங்கும் முன்பே அளந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பது. ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் பயனில்லை. தோற்றவர்கள் எல்லோருக்கும் அந்த மாதம் முழுக்க டென்ஷனாக இருந்ததாகத்தான் ஞாபகம் இருக்கும். முன்கூட்டியே அளந்து பார்த்ததில், கருத்தரித்தவர்களுக்கும் கருத்தரிக்காதவர்களுக்கும் மன அழுத்தத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இது ஏன் இப்படி என்பதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. மன அழுத்தம் கருவுறுதலைக் கெடுக்கத் தெரிந்த ஒரு வழி உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கடுமையான அழுத்தம், உடல் எடை ரொம்பக் குறைவது, அளவுக்கு மீறிய உடற்பயிற்சி போன்றவற்றால் மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து வரவேண்டிய ஹார்மோன் சமிக்ஞை தளர்ந்துபோகும். முட்டை வெளிவருவது நிற்கும், பீரியட்ஸும் நிற்கும். ஆனால் ஐவிஎஃப்பில் அந்தச் சமிக்ஞைக்காக யாரும் காத்திருப்பதில்லை. முட்டைகளை வளர்ப்பது ஊசி, முதிர வைப்பது இன்னொரு ஊசி, வெளியே எடுப்பது டாக்டர். அந்த வழியையே சிகிச்சை சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

அடுத்து எம்ப்ரியோ, அதாவது கரு. கரு ஒட்டாமல் போவதற்கும் ஆரம்பத்திலேயே கலைவதற்கும் மிகப் பெரிய காரணம் குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறு. பெரும்பாலும் இது முட்டை கடைசிக் கட்டத்தில் பிரியும்போது நேர்வது. வயது ஏற ஏற அதிகமாகும். ஒரு பெண்ணின் முட்டைகள் அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்று, பல வருடம் அப்படியே காத்திருப்பவை. அவ்வளவு காலம் கழித்து வேலையை முடிக்கும்போது கணக்கு பிசகுவது அதிசயமில்லை. டிரான்ஸ்பர் நாளில் கருப்பைக்குள் வைக்கும் எம்ப்ரியோவில் இந்தக் கணக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும். அன்று இரவு அழுதாலும் சிரித்தாலும் அது மாறப்போவதில்லை.

நாள் முழுக்கப் படுத்தே இருக்கச் சொல்வதும் இதே ரகம்தான். டிரான்ஸ்பருக்குப் பிறகு பெட் ரெஸ்ட் எடுத்தால் வெற்றி கூடும் என்பது ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆனாலும் அறிவுரை நிற்கவில்லை.

இதற்கு எதிராக யாராவது ஒரு ஆய்வைக் காட்டலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் அமெரிக்காவில் இயற்கையாகக் குழந்தைக்கு முயன்ற 501 தம்பதிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், உமிழ்நீரில் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி மிக அதிகமாக இருந்த பெண்களுக்கு, ஒவ்வொரு மாதமும் கருத்தரிக்கும் வாய்ப்பு 29 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த நொதி அழுத்தத்தின் ஒரு அடையாளம். ஆனால் இன்னொரு அடையாளமான கார்டிசாலை அளந்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. அவர்கள் ஐவிஎஃப் செய்துகொண்டவர்களும் இல்லை. எனவே இயற்கையான முயற்சியில் அழுத்தத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். அதை வைத்து உங்கள் தங்கையைக் குற்றவாளி ஆக்க முடியாது.

சரி, பிறகு ஏன் ஊர் முழுக்க இதை நம்புகிறது? "எல்லாத்தையும் விட்டுட்டு நிம்மதியா இருந்தா, தானா தங்கிடுச்சு" என்ற கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். பொய்க் கதை இல்லை. சிகிச்சையை நிறுத்திய பிறகு சிலருக்கு இயற்கையாகவே தங்கும். நிம்மதியாக இருந்தும் தங்காதவர்களின் கதையை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, "ரிலாக்ஸா இரு" என்று சொல்கிறவருக்குச் செலவு கிடையாது. கேட்கிறவளுக்கு அன்றிலிருந்து இன்னொரு டென்ஷன் சேர்கிறது: டென்ஷன் ஆகாமல் இருக்க வேண்டுமே என்ற டென்ஷன். ஆணின் விந்தணுப் பிரச்சினையும் ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் ஒரு பங்காக இருக்கிறது. அவரிடம் போய், நீ டென்ஷன் ஆனதால்தான் இப்படி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்படியானால் மனசைப் பற்றிக் கவலையே வேண்டாமா என்றால், அதுதான் என் வேலையே. 1993-இல் ஆலிஸ் டோமார் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களின் பதற்றமும் மனச்சோர்வும் புற்றுநோய், இதய நோய் உள்ளவர்களின் அளவுக்கு இருந்தது. 2000-இல் அவர்களே இன்னொரு ஆய்வு செய்தார்கள். குழுவாக மனநலப் பயிற்சி பெற்றவர்களில் 55 சதவீதமும், குழுவாக ஆதரவு மட்டும் பெற்றவர்களில் 54 சதவீதமும், எதுவும் பெறாதவர்களில் 20 சதவீதமும் கருத்தரித்தார்கள். கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் எதுவும் பெறாத குழுவிலிருந்து நிறையப் பேர் பாதியில் விலகிவிட்டார்கள், ஒப்பீடே ஆட்டம் காண்கிறது. 2016-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, உறுதியாகச் சொல்ல இந்தத் தரம் போதாது என்று முடித்தது. ஆகவே என்னிடம் வந்து பேசினால் கரு தங்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அப்படிக் கொடுக்கிற ஆலோசகரிடம் போகவும் வேண்டாம். பேசுவதால் கிடைப்பது வேறு: தூக்கம் வரும், சாப்பாடு இறங்கும், கணவனும் மனைவியும் மறுபடி வேறு விஷயம் பேசுவார்கள். இன்னொரு சைக்கிள் போகலாமா, போதுமா என்பதைத் தெளிந்த மனசோடு முடிவெடுக்க முடியும். பணமும் மருத்துவ வாய்ப்பும் இருந்தும் பலர் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு மனச்சுமை ஒரு முக்கியக் காரணம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் தேவைப்படலாம். சிகிச்சை வெற்றியடைந்து குழந்தை பிறந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று குடும்பம் நினைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகெங்கும் பிரசவமான பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது. ஐவிஎஃப் மூலம் பெற்றவர்களுக்கு இது கூடுதலாக வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, அவர்கள் வாய் திறப்பது ரொம்பத் தாமதம். "இவ்வளவு கஷ்டப்பட்டுப் பெத்துட்டு இப்ப அழுதா என்ன நினைப்பாங்க" என்ற கூச்சம்.

இதுவும் மனபலக் குறைவு கிடையாது. 2000-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 16 பெண்களுக்குக் கர்ப்ப கால அளவுக்கு ஹார்மோன் கொடுத்து, பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். யாரும் கர்ப்பிணி இல்லை, குழந்தை இல்லை, இரவுக் கண்விழிப்பு இல்லை. முன்பு பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை சரிந்தது. அப்படி வராத 8 பேரில் ஒருவருக்கும் இல்லை. சிலருடைய மூளை இந்த ஹார்மோன் சரிவைத் தாங்குவதில்லை. அந்த வழியைப் பிடித்துத்தான் 2023-இல் ஜுரனலோன் என்ற 14 நாள் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுகொள்ள நாங்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் 1987-இல் ஜான் காக்ஸ் குழுவினர் உருவாக்கிய எடின்பரோ அளவுகோல். கடந்த 7 நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். முடிவான நோயறிதல் இல்லை. யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று காட்டும். கர்ப்ப காலத்திலும் பயன்படுத்தலாம். மூன்றாவது கேள்வி, ஏதாவது தவறாகப் போனால் தேவையில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்பது. பத்தாவது, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒன்பது வரை மளமளவென்று டிக் போட்டு வருகிறவர்களில் சிலருக்கு அங்கே பேனா நிற்கும். அப்புறம் "இல்லை" என்று போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். மொத்த மதிப்பெண் எதுவாக இருந்தாலும், அவர்களை நான் சும்மா அனுப்புவதில்லை.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் ஆர்வமில்லாமல், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அடுத்த சைக்கிள் வரை காத்திருக்க வேண்டாம். செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால், குழந்தைக்காக என்று தானாக நிறுத்தக் கூடாது. இரண்டு டாக்டர்களையும் கேட்ட பிறகுதான். சிகிச்சை மையத்தில் இரண்டு சைக்கிள்களின் எம்ப்ரியோ விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை முட்டை, எத்தனை கருவுற்றது, எந்தத் தரம், எத்தனையாவது நாள் எம்ப்ரியோ. ஏன் தங்கவில்லை என்ற பேச்சை டாக்டரோடு அந்தத் தாளை வைத்துத் தொடங்குங்கள், மாப்பிள்ளையும் கூட உட்காரட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதை அவளிடம் விடாதீர்கள், நீங்களே பேசிவிடுங்கள்.