மானியம் யார் பையில் விழுகிறது? வீட்டுக் கொள்கை பற்றிக் கேள்வி பதில்

வீட்டுக்கடன் விண்ணப்பங்களைப் புரட்டியே பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். வீட்டு விலை பற்றியும் அரசுகளின் திட்டங்கள் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முதல் வீடு வாங்குவோருக்கு அரசு உதவித்தொகை கொடுப்பதில் என்ன தவறு, ஐயா? நீங்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

கொடுப்பதில் தவறில்லை. அந்தப் பணம் கடைசியில் யார் பைக்குப் போய்ச் சேருகிறது என்று பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். விற்பனைக்குப் பத்து வீடு, வாங்கப் பதினைந்து பேர். யாரால் அதிகம் கொடுக்க முடியும் என்று பார்த்து அவர்களை வரிசையாக நிறுத்துங்கள். பத்தாவது ஆளுக்கும் பதினோராவது ஆளுக்கும் நடக்கிற போட்டியில்தான் விலை நிற்கும். இப்போது பதினைந்து பேருக்கும் ஒரே தொகையை மானியமாகக் கொடுங்கள். வரிசை மாறுமா? பதினோராவது ஆள் அதே இடத்தில்தான் நிற்பார். விலை மட்டும் மானியத்தின் அளவுக்கு ஏறியிருக்கும்.

இங்கிலாந்தில் 2013இல் 'ஹெல்ப் டு பை' திட்டம் வந்தது. புதுவீட்டின் விலையில் 20 விழுக்காடு வரை அரசே கடன் கொடுத்தது. லண்டனில் 2016 முதல் 40 விழுக்காடு வரை. பின்னர் ஆய்வு செய்தவர்கள் கண்டது இது: கட்ட இடமில்லாத லண்டனில் விலை ஏறியது, வீடுகளின் எண்ணிக்கை கூடவில்லை. இடம் தாராளமாக இருந்த வேல்ஸ் எல்லைப் பகுதியில் கட்டுமானம் கூடியது, விலை குறிப்பிடும்படி ஏறவில்லை. மருந்து ஒன்றுதான், உடம்புதான் வேறு. ஆகவே மானியம் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அந்த ஊரில் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: வட்டியைக் குறைத்தால் நடுத்தரக் குடும்பங்கள் மூச்சு விடுமே?

ஏற்கெனவே மாறும் வட்டியில் கடன் வாங்கியிருப்பவர்கள் விடுவார்கள். இனிமேல் வாங்கப்போகிறவர்கள் நிலைமை வேறு. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டின் விலையைக் கேட்டதில்லை, "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்றுதான் கேட்டார்கள். 20 ஆண்டுக் கடன், வட்டி 9 விழுக்காடு என்று வையுங்கள். 100 ரூபாய்க் கடனுக்கு வரும் அதே மாதத் தவணையில், வட்டி 7 ஆனதும் 116 ரூபாய் கடன் கிடைக்கும். வாங்குகிறவர் இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன்பே விற்கிறவர் போட்டுவிடுகிறார்.

தவணைக் காலத்தை நீட்டுவது இதைவிட மோசம். அதே 9 விழுக்காட்டில் 20 ஆண்டை 30 ஆக்கினால் தவணை பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் 100 ரூபாய்க்கு மொத்தம் 216 கட்ட வேண்டியவர் 290 கட்டுவார். இதையும் சலுகை என்றுதான் அறிவிக்கிறார்கள்.

கேள்வி: வாடகைக்கு உச்சவரம்பு வைத்துவிட்டால்?

உள்ளே இருப்பவருக்கு நிம்மதி, வெளியே தேடுகிறவருக்குத் திண்டாட்டம். 2014க்கு முன் கட்டிய வீடுகளுக்கு ஐந்தாண்டு வாடகையை ஏற்றக்கூடாது என்று பெர்லின் 2020இல் சட்டம் போட்டது. வாடகை இறங்கியது, கூடவே விளம்பரத்துக்கு வரும் வீடுகளும் வெகுவாகக் குறைந்தன. பெர்லின் ஜெர்மனியில் தனி மாநிலமும்கூட; மாநிலத்துக்கு இந்த அதிகாரமே இல்லை என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சட்டத்தை ரத்து செய்தது. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற மிதமான வரம்பை நான் எதிர்க்கவில்லை. குடியிருப்பவரைத் திடீரென்று விரட்டாமல் இருக்க அது வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதைத் தடுத்தால் போதாதா?

நியூசிலாந்து 2018இல் தடுத்தது, கனடா 2023இல். அதற்கு முன்பே 2016இல் வான்கூவரில் அவர்களுக்கு 15 விழுக்காடு வரி வந்தது. விலை சில மாதம் தணிந்து, மறுபடி ஏறியது. கைதட்டல் கிடைக்கும், வீடு கிடைக்காது.

கேள்வி: கட்டு, கட்டு என்கிறீர்கள். கட்டுவதெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே?

கோபம் நியாயமானது. ஆனால் பணக்காரருக்குப் புதுவீடு இல்லையென்றால் அவர் சும்மா இருப்பாரா? நீங்கள் பார்த்து வைத்த பழைய வீட்டை உங்களைவிட அதிக விலைக்குக் கேட்பார். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் அடுக்குமாடிக்கும் தொடர்வீடுகளுக்கும் விதியைத் தளர்த்தியது. அடுத்த சில ஆண்டுகளில் கட்டட அனுமதிகள் மளமளவென்று கூடின.

என்றாலும் கடைநிலை வருமானக்காரரைச் சந்தை தொடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே அரசுதான் கட்ட வேண்டும். வியன்னாவில் மாநகராட்சிக்கே சொந்தமாக ஏறக்குறைய 2,20,000 வீடுகள் இருக்கின்றன. அவற்றில் சில 1920களில் கட்டியவை. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லா நாடுகளும் சிங்கப்பூரைப் பின்பற்றலாமே?

அடுக்குமாடியைப் பின்பற்றுவது சுலபம். அங்கே வீட்டு வாரியம் 1960இல் வந்தது. 1966இல் நில ஆர்ஜிதச் சட்டம் வந்தது. இன்று நிலத்தில் பெரும்பங்கு அரசின் கையில். வாரிய வீட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் தருகிறார்கள். குறைந்தது ஐந்தாண்டு குடியிருக்காமல் விற்க முடியாது. நிலத்தில் கை வைக்கத் துணியாத அரசுகள் அங்கே போய்க் கட்டடங்களைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன.

கேள்வி: விலை இறங்குவதை எந்த அரசும் விரும்பாது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. வீடு வைத்திருப்பவருக்கும் ஓட்டு உண்டு, அவர் தவறாமல் போட்டும் விடுகிறார். வங்கிகளுக்கும் பயம்: விலையில் 90 விழுக்காடு கடன் கொடுத்த வீட்டின் விலை 20 விழுக்காடு விழுந்தால், அடமானம் கடனுக்குப் போதாது. விலை அப்படியே நிற்க, சம்பளம் மெல்ல ஏறி அதை எட்டிப்பிடிப்பதுதான் யாருக்கும் அடி விழாத வழி. ஆனால் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். தேர்தலோ ஐந்தாண்டுக்குள் வந்துவிடும்.

கேள்வி: நான் இப்போது வாங்கட்டுமா, புதிய மானியம் வரும்வரை காத்திருக்கட்டுமா?

மானியம் அறிவித்த பிறகு வாங்குவதாக இருந்தால், அறிவிப்புக்கு முந்தைய விலையை இன்றே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசும்போது கையில் இருக்கட்டும்.