டிசம்பர் தண்ணீரை நம்பி ஏத்தன் போடலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலம் பக்கத்தில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி 70 சென்ட் விளை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். மணல் நிலம், பழைய தென்னைகள் நிற்கின்றன. 18 அடியில் ஒரு கிணறும், 110 அடியில் ஒரு போரும் உண்டு. டிசம்பரில் போர் தண்ணீரைப் பரிசோதித்தோம், மின்கடத்துத்திறன் 1.9 டெசிசைமன் என்று வந்தது. ஏத்தன் வாழை போட ஆசை. குழாயில் காந்தக் கருவி மாட்டினால் உப்பு சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். இன்னும் 100 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார் போர் போடுகிறவர். எதைச் செய்வது? அடுத்த மாதம் பத்திரப் பதிவு. நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

பதில்: அம்மா, இரண்டுமே வேண்டாம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காந்தம் வெளியே எடுக்காது. கருவிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டில் பிடித்துச் சோதித்தால் அதே எண்தான் வரும். இதை விற்கிறவர்கள் விவசாயியின் பயத்தை விற்கிறார்கள். அந்தக் காசு சொட்டுநீர்க் குழாய்க்காவது ஆகும்.

1.9 என்றால் என்னவென்று பாருங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம் உப்பு. வாழை ஒன்றுக்குத் தினம் 20 லிட்டர் விட்டால் 24 கிராம். மழையில்லாத 100 நாளில் ஒவ்வொரு மூட்டிலும் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ. தென்னை இதைத் தாங்கும், வாழை தாங்காது. அடி இலைகளின் ஓரம் கருகும், காய் திரளாது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கி முடிந்த கையோடு எடுத்த தண்ணீர் அது. வருஷத்திலேயே நல்ல தண்ணீர் அப்போதுதான் இருக்கும். அதுவே 1.9 என்றால் பங்குனி, சித்திரையில் எவ்வளவு? நிலத்தின் விலையைத் தீர்மானிக்க வேண்டியது அந்த எண்.

ஒரு பாட்டிலைக் கொடுத்து ஒரு தாளை வாங்குவதை நான் பரிசோதனை என்று ஒத்துக்கொள்வதில்லை. கோடையில் மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் கழித்து ஒரு பாட்டில் பிடியுங்கள். நிறுத்தாமல் ஓடவிட்டு, நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று. கிணற்றிலிருந்து தனியாக ஒன்று. இரண்டாவது பாட்டிலில் எண் ஏறியிருந்தால், இழுக்க இழுக்க அடியிலிருந்து உப்புநீர் மேலே வருகிறது என்று அர்த்தம். எத்தனை போர் போட்டாலும் இதுதான் கதை.

காரணம் இருக்கிறது. கடலோர மணலுக்குள் மழைநீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் என்பது கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் அடியில் உப்பு காலப்போக்கில் 40 அடி வரை ஏறலாம். இன்னும் 100 அடி இறக்கச் சொல்கிறவர் உங்களை உப்பை நோக்கித்தான் அனுப்புகிறார். அடிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் ‘போதும்’ என்று சொல்வாரா?

உங்கள் சொத்து அந்த 18 அடிக் கிணறுதான். அதை ஆழப்படுத்தாதீர்கள், அகலப்படுத்துங்கள். சின்ன மோட்டார் வைத்துக் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று இறையுங்கள். விளையில் விழும் மழையை வெளியே ஓடவிடாமல் வரப்பு கட்டித் தேக்குங்கள். போரை மூடிவிடுவது நல்லது. உங்கள் போரைப் பக்கத்து விளைக்காரரும் பார்த்துப் போட்டால் ஊர்க்கிணறுகள் எல்லாமே கெடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, மண். மணல் உங்களுக்குச் சாதகம். ஆனி, ஆடியிலும் ஐப்பசியிலும் நமக்கு மழை உண்டு, தேங்கிய உப்பை அது கழுவிவிடும். ஆனால் மேல்மண்ணை மட்டும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். மூன்றடிக் குழி வெட்டி, அடிக்கு ஒரு மாதிரி எடுங்கள். மேலே மணல், உள்ளே களி என்றால் அது பழைய ஏலாவை (நெல்வயலை) நிரப்பிய இடமாக இருக்கலாம். அங்கே உப்பு இறங்காது. அப்படித் தெரிந்தால் அட்வான்ஸ் போனாலும் போகட்டும், வாங்காதீர்கள்.

அரசு மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுக்கும்போது குளோரைடு, சோடியம், எஞ்சிய சோடியம் கார்பனேட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது 2.5-க்கு மேல் இருந்தால் ஜிப்சம் இல்லாமல் ஆகாது. தாளைப் படிக்கத் தெரியாவிட்டால் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

பதிவைச் சித்திரை வரை தள்ளிக் கேளுங்கள். விற்கிறவர் மறுத்தால் அதுவே ஒரு தகவல். கோடையில் கிணற்றுத் தண்ணீரின் மின்கடத்துத்திறன் ஒன்றுக்குள் நின்றால், தென்னைக்கு நடுவே கொஞ்சம் ஏத்தன் போட்டுப் பாருங்கள். அதற்குச் சாம்பல் சத்தை மூரியேட்டாக (பொட்டாசியம் குளோரைடாக) வைக்காமல் சல்பேட் ஆப் பொட்டாஷாக வையுங்கள், குளோரைடு ஏற்கெனவே தண்ணீரிலேயே வருகிறது. இரண்டைத் தொட்டால் வாழையை மறந்துவிட்டு ஈத்தாமொழி நெட்டைக் கன்றுகளை வாங்கி நடுங்கள்.